கூட்டக் கூடாத வளவு

லண்டனில் எப்போதும் மழை என்று சொல்கிறவர்களை ஜூலை மாதத்தில் எங்கள் பின்வளவுக்குக் கூட்டிவந்து வெறுங்காலோடு நிற்க வைக்க வேண்டும். கோலியர்ஸ் வுட்டில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று எங்களுடையது. பின்னால் ஒரு துண்டு நிலம், ஒரு பழைய ஷெட், இரண்டு பக்கமும் பலகை வேலி. மண் களிமண். மாரியில் சப்பாத்தோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். கோடையில் விரல் போகிற அளவுக்கு வெடிக்கும். விதை போடுகிற தேக்கரண்டியை அந்த வெடிப்புக்குள் ஒருமுறை விழுத்திவிட்டு எடுக்க முடியாமல் விட்டேன். இன்னமும் அங்கேதான் கிடக்கிறது.

மழை பெய்கிற விதமே கெட்டுவிட்டது. வாரக்கணக்கில் ஒரு துளி கிடையாது. பிறகு ஒரு பின்னேரம் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் போகும். காய்ந்து இறுகிய மண் அதைக் குடிக்காது. தண்ணீர் மேலால் ஓடிவந்து, சமைக்கிற குசினியின் கதவடியில் நிற்கும்.

வெயில் நாற்பதைத் தொட்ட அந்தக் கோடையில் எங்கள் தமிழ் ஆட்களுக்கு ஒரே சந்தோஷம். கடையில், கோயிலில், பிறந்தநாள் மண்டபத்தில், எங்கே போனாலும் அதே கதை.

"இப்பதான் லண்டன் ஊர் மாதிரிக் கிடக்கு."

"எங்கட வீட்டில புடலங்காய் காய்ச்சிருக்கு. படம் அனுப்பினனான், பாக்கேல்லையே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறேன். அந்த வாரம் முழுவதும் வார்டு வார்டாகத் தண்ணீர் ஜக்குகளைத் தள்ளிக்கொண்டு போனேன். வயதானவர்கள் வாயைத் திறந்தபடி படுத்துக் கிடந்தார்கள். கப்பைக் கையில் கொடுத்தால் பிடிக்கப் பலம் இல்லை. அதைப் பார்த்துவிட்டு வந்தவளிடம் புடலங்காய்ப் படத்தைக் காட்டினால் நான் என்ன சொல்வேன்? "உங்கட புடலங்காயைக் கொண்டுபோய் அந்த வார்டில காட்டுங்கோ" என்றேன். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து படம் வருவதில்லை. நல்லது.

அடுத்தடுத்த கோடைகளில் எங்கள் புல் வைக்கோல் ஆனது. பிறகு வைக்கோலும் போய் வெறும் தூசி. என் கணவர் மினிகேப் ஓட்டுகிறவர். வீட்டுக்கு வந்தால் காலை நீட்டிக்கொண்டு இருக்கத்தான் விருப்பம். ஒருநாள் கல் பதிக்கிற ஆள் ஒருவரைக் கூட்டிவந்து விட்டார். அவரும் எங்கள் ஆள்தான். வளவின் நடுவில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, ஒரு கிழமை தாங்கோ. பாதி சாம்பல் கல்லு, பாதி பிளாஸ்டிக் புல்லு. வடிவா இருக்கும். தண்ணி விடத் தேவையில்லை, புல்லு வெட்டத் தேவையில்லை. நாங்கள் ஆட்டுக்கறி பார்பிகியூ போடலாம்."

"நாங்கள் எண்டா ஆர்? நீங்களும் வாறியளோ?" என்று கேட்டேன்.

மனிதர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எங்கள் தெருவில் கல் போட்ட எந்த வளவும் திரும்ப மண் ஆனதில்லை. போட்டால் போட்டதுதான். பக்கத்து வீட்டில் போட்டார்கள். அதற்குப் பிறகு வந்த முதல் பெருமழையில் அவர்களின் தண்ணீரும் சேர்ந்து வேலிக்குக் கீழால் எங்கள் குசினிக்குள் வந்தது. வெயில் காலத்தில் அவர்களின் பிளாஸ்டிக் புல்லில் பூனைகூட நடக்காது, கால் சுடும். எல்லாரும் இப்படி மூடிக்கொண்டே போனால் இந்த ஊர் என்ன ஆகும் என்று யோசிக்க ஒருவருக்கும் நேரம் இல்லை. என்னுடைய ஒரு துண்டு நிலம் உலகத்தைக் காப்பாற்றாது. எனக்கு அந்த அளவுக்கு விசர் இல்லை. ஆனால் அந்தத் துண்டு என் பொறுப்பில் இருக்கிறது. அதை மூட நான் விடமாட்டேன்.

வீட்டில் பெரிய சண்டை. கடைசியில் கணவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"இஞ்சேரும், வாற வருஷக் கோடை மட்டும் பாப்பம். அப்பவும் உப்பிடியே காய்ஞ்சு வெடிச்சுக் கிடந்தா ஓகஸ்டில கல்லுப் பதிக்கிறது. பேந்து நீர் ஒண்டும் கதைக்கக் கூடாது."

"பச்சையா இருந்தா?"

"இருந்தா, நான் ஒண்டும் கதைக்கேல்லை."

அதுதான் எங்கள் பந்தயம்.

எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஷெட்டுக்குப் பின்னால் ஒரு மாம்பழப் பெட்டி, வெறும் கடதாசி மட்டைப் பெட்டி, ஒரு கோடை முழுவதும் கவிழ்ந்து கிடந்தது. எறிவோம் என்று தூக்கினேன். சுற்றிவர மண் கல்லாகக் கிடக்க, பெட்டிக்குக் கீழே மட்டும் ஈரம். கையால் அள்ளலாம் போல இருந்தது. மண்புழு நெளிந்தது. அவ்வளவுதான் விஷயம். வெயில் மண்ணில் நேரே படக் கூடாது. மண்ணுக்கு உடுப்புப் போட வேண்டும்.

அந்த இலையுதிர் காலம் முழுவதும் தெருவில் விழுந்த சருகை அள்ளினேன். கறுப்புப் பைகளில் அடைத்து, வேலை முடிந்து வருகிற வழியில் இழுத்துக்கொண்டு வருவேன். எங்கள் தெருவில் இருக்கிற ஒரு அண்ணை காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"என்ன தங்கச்சி, கவுன்சிலில தெருக் கூட்டுற வேலை கிடைச்சிட்டுதோ?"

"ஓம் அண்ணை. உங்கட காரையும் அள்ளிக்கொண்டு போகச் சொன்னவை."

மாரி முழுவதும் சருகு மட்கிக் கிடந்தது. வசந்தத்தில் அதை விலக்கித் தக்காளி, போஞ்சி, மிளகாய், பூசணி வைத்தேன். ஒரு பாத்தி முழுக்க முளைக்கீரை போட்டேன். செடிகளைச் சுற்றி மறுபடியும் சருகு, வெட்டிய புல், மட்டைத் துண்டுகள். ஷெட் கூரையிலிருந்து வருகிற மழைத்தண்ணீரைப் பிடிக்க ஒரு நீல டிரம் வைத்தேன். பார்க்க வடிவாக இல்லைதான். குப்பைமேடு போலத்தான் இருந்தது. ஆனால் ஜூன் முழுவதும் மழை இல்லாமல், ஹோஸ் பைப் பாவிக்கக் கூடாது என்று அறிவித்த பிறகும், சருகுக்குக் கீழே கையை விட்டால் குளிர்ந்தது. கணவர் ஒருநாள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கையை விட்டுப் பார்த்தார். நான் குசினி ஜன்னலால் பார்த்தேன்.

ஜூலையில் மாமாவின் திவசம் வந்தது. மாமா என்றால் கணவரின் அப்பா. ஒவ்வொரு வருடமும் எங்கள் வீட்டில்தான் படைப்பது. அந்த வருடம் சனிக்கிழமை விழுந்ததால் எல்லாரும் வருவதாக இருந்தது. முதல்நாள் எனக்குக் காலை ஷிப்ட். மச்சாள், கணவரின் அக்கா, லூயிஷாமில் இருந்து வெள்ளனவே வந்து வீட்டைத் துப்பரவாக்கித் தருவதாகச் சொல்லியிருந்தா. அவவிடம் எங்கள் வீட்டுத் திறப்பு ஒன்று இருக்கிறது, தானே கதவைத் திறந்து வருவா. நல்ல மனுஷி. கை நிற்காது. எனக்குக் காய்ச்சல் என்றால் ரசத்தோடு ரயில் ஏறி வருகிறவ.

மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது பின்கதவு திறந்திருந்தது. கதவடியில் ஓர் ஈர்க்கு விளக்குமாறு சாத்தியிருந்தது. அதையும் ரயிலில் கொண்டுவந்திருக்கிறா. நான் வெளியே எட்டிப் பார்த்தேன்.

வளவில் ஒரு சருகு இல்லை.

ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் விளக்குமாற்றின் கோடு வளைந்து வளைந்து கிடந்தது. பாத்திக்குள்ளும், செடிகளுக்கு இடையிலும், வேர் தெரிகிற அளவுக்கு வழித்துக் கூட்டியிருந்தா. மண் மொட்டையாக வெயிலில் கிடந்தது. குசினிக்கு முன்னால் இருக்கிற சிமெந்துத் துண்டு கழுவி மினுங்கியது. நீல டிரம்மின் மூடி திறந்து கிடந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அடியில் ஒரு சிரட்டை அளவு தண்ணீர்.

மச்சாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தா. முகம் முழுக்கச் சந்தோஷம்.

"பாத்தியே பிள்ளை? இப்பதான் மனிசர் இருக்கிற வீடு மாதிரிக் கிடக்கு. எவ்வளவு குப்பை! முழுக்கக் கூட்டி அள்ளிப் பச்சை பின்னில போட்டு அமத்தினன். லொறி வந்து கொண்டுபோட்டுது."

"தண்ணி?"

"முத்தம் தெளிக்க வேண்டாமே? மஞ்சள் கரைச்சுத் தெளிச்சு, சிமெந்தையும் ஊத்திக் கழுவினனான். பைப்புத் தண்ணியில கை வைக்கேல்லை, பயப்பிடாதை. கவர்மென்ட் சட்டம் எனக்கும் தெரியும்."

என் வாயில் வந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. எழுதக்கூடியது இதுதான்: "மச்சாள், நீங்கள் கூட்டினது குப்பை இல்லை. அது என்ர தோட்டம்."

"சருகு தோட்டமே? உனக்கென்ன விசரே?"

"ஓம், எனக்கு விசர்தான். ஒரு வருஷம் தெருத்தெருவாப் பொறுக்கின விசர். கேக்காமல் ஏன் தொட்டனீங்கள்?"

மச்சாளின் முகம் சுருங்கியது. பிறகு குரல் உடைந்து சொன்னா:

"நாளைக்கு அப்பா வாற நாள். குப்பைக்குள்ளாலயோ அவர் நடந்து வாறது?"

திவசத்தன்று இறந்தவர் வீட்டுக்கு வருவார் என்று நான் நம்புகிறேனோ இல்லையோ, அவ நம்புகிறா. தகப்பன் வருகிற வழியைத்தான் குனிந்து குனிந்து கூட்டியிருக்கிறா. நான் கோபத்தை விழுங்கவில்லை. ஆனால் அதை அவவின் மேல் போடவும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கணவர் வந்தார். வளவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டிரம்மை எட்டிப் பார்த்தார்.

அடுத்த கிழமை முழுவதும் கொளுத்தும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். பூசணி இலை ஏற்கெனவே தொங்கத் தொடங்கியிருந்தது.

"அப்ப, கல்லுக்காரருக்குப் போன் அடிக்கட்டே?" என்றார். பகிடியாகத்தான் கேட்டார். ஆனாலும் கேட்டுவிட்டார்.

"அடியுங்கோ பாப்பம். அடிச்சா அந்தக் கல்லில முதல் கல்லு உங்கட தலையிலதான்."

"பந்தயம் பந்தயம்தானே."

"இன்னும் கோடை முடியேல்லை."

அன்று பின்னேரமே தொடங்கினேன். டூட்டிங்கில் இருக்கிற தமிழ்க் கடைக்குப் போய் மட்டைப் பெட்டிகள் கேட்டேன். மாம்பழ சீசன்; கடைக்குப் பின்னால் பெட்டி மலைபோலக் குவிந்திருந்தது.

"அன்ரி, வெறும் பெட்டி மட்டும் போதுமே? மாம்பழம் வேண்டாமே?" என்றான் கடைக்காரப் பெடியன்.

"மாம்பழத்தை நீ தின். பெட்டியைத் தா."

கையில் கொண்டுவர முடிந்தது கொஞ்சம்தான். அதைப் பிரித்துக் கீரைப் பாத்தியைச் சுற்றி விரித்தேன். காற்றில் பறக்காமல் இருக்கச் செங்கல் துண்டுகளை வைத்தேன். மச்சாள் குசினி வாசலில் நின்று பார்த்தபடி இருந்தா. தேநீர் ஊற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனா. நான் எடுத்துக் குடித்தேன்.

தண்ணீருக்கு என்ன செய்வது? குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றலாம்; அதற்குத் தடை இல்லை. ஆனால் ஊருக்கே தண்ணீர் இல்லை என்று சொல்கிற நேரத்தில், குடிக்கிற தண்ணீரைத் திறந்துவிட்டு ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் மறுநாள் வரப்போகிற சனத்தை நினைத்தேன். திவசம் என்றால் முழுகாமல் எங்கள் வீட்டில் ஒருவரும் படைக்க வரமாட்டார்கள். தூரத்தில் இருந்து வருகிறவர்கள் எங்கள் வீட்டில்தான் முழுகுவது. ஒரு வீடு நிறைய ஆட்கள், ஒருவர் பின் ஒருவராக, தலையோடு தண்ணீர் வார்ப்பார்கள். அதெல்லாம் இத்தனை வருடமும் எங்கே போனது? கழிவுக் குழாய்க்குள்.

காலையில் குளியலறை வாசலில் நின்றுகொண்டேன்.

"தொட்டியில பிளக்கைப் போட்டுட்டு முழுகுங்கோ. முழுகி முடிய இழுக்கக் கூடாது. ஷாம்பு வேண்டாம்."

"என்ன தங்கச்சி இது, ஆமிச் செக்பொயின்ரே?" என்றார் மச்சாளின் கணவர். தோளில் துவாயோடு நின்றார்.

"ஓம் அண்ணை. அடையாள அட்டை காட்டிப்போட்டு உள்ள போங்கோ."

"சவர்க்காரம்?"

"நேற்று லூயிஷாமில போட்டனீங்கள்தானே? ஒருநாளைக்குக் காணும்."

ஆள் முழுகி வெளியே வர வர, நான் வாளியால் அள்ளிக்கொண்டு படியிறங்கினேன். குசினியில் அரிசி களைந்த தண்ணீர், வாழைக்காய் கழுவிய தண்ணீர், கீரை அலசிய தண்ணீர், எதையும் சிங்கில் ஊற்ற விடவில்லை. சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஆளை ஆள் பார்த்துக் கண்ணைக் காட்டிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஒரு கட்டத்தில் படியில் எனக்கு மூச்சு வாங்கியது. வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். பின்னால் வந்த கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்கினார்.

"விடுங்கோ, முழுகின உடம்பு. படைக்கவேண்டியது நீங்கள்தான்," என்றேன்.

"அப்பா வந்தா முதல்ல கேக்கிறது, ஏன்ரா செடியெல்லாம் வாடிக்கிடக்கு எண்டுதான்," என்றார். மச்சாளுக்குக் கேட்கிற மாதிரித்தான் சொன்னார். அவ அடுப்பைப் பார்த்தபடி நின்றா.

படையல் முடிந்தது. எல்லாரும் வாழையிலையில் சாப்பிட்டார்கள். சாப்பிட்ட இலைகளை ஒரு கறுப்புப் பைக்குள் திணிக்கப் போனார்கள். நான் பையைப் பறித்துக்கொண்டேன். இவ்வளவு பெரிய, தடித்த, ஈரமான இலைகள். எங்கேயோ ஒரு நாட்டில் வெட்டிப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்த இலைகள். ஒருவேளைச் சோற்றுக்குப் பிறகு குப்பையா? விசர்த்தனம் என்னுடையதா, இவர்களுடையதா?

மச்சாள் பதறிப்போனா.

"எச்சில் இலை பிள்ளை! வளவுக்குள்ள போடாதை. நரி வரும்."

"நரி வந்தா வரட்டும். நேற்று வந்த ஆள் மாதிரி அது கூட்டி அள்ளாது."

சொன்ன பிறகுதான் கூடிப்போய்விட்டது என்று தெரிந்தது. மச்சாள் என்னை ஒரு பார்வை பார்த்தா. பிறகு முந்தானையை இடுப்பில் செருகினா. என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு வளவுக்கு நடந்தா. ஒவ்வொரு இலையாக எடுத்து, ஒட்டியிருந்த சோற்றை வாளித் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைத் தக்காளியின் அடியில் ஊற்றி, இலையைப் பாத்தியில் விரித்தா. நரம்பு கீழே வரும்படி, ஓரம் ஓரத்தின் மேல் படும்படி, பாய் பின்னுகிற மாதிரி. நான் விரித்ததைவிடத் திறமாக இருந்தது. விரித்துக்கொண்டே வாய் நிற்கவில்லை.

"கூட்டினதுக்கும் ஏச்சு, போடாதை எண்டதுக்கும் ஏச்சு. இந்த வீட்டுக்கு வாறவைக்குச் சோறு போடுறியளோ, சம்பளம் போடுறியளோ?"

கணவர் அன்று பின்னேரம் வேலைக்குப் போகவில்லை. காரை எடுத்துக்கொண்டு டூட்டிங்குக்குப் போனார். திரும்பி வந்தபோது பின்சீற்றும் டிக்கியும் மாம்பழப் பெட்டி. முன்சீற்றிலும் பெட்டிக்குப் பெல்ட் போட்டிருந்தார்.

நரி வந்தது. மச்சாள் சொன்னது சரிதான். பக்கத்து வீட்டுப் பிளாஸ்டிக் புல்லில் ஒரு வாழையிலையை இழுத்துக்கொண்டுபோய்ப் போட்டிருந்தது. மன்னிப்புக் கேட்டு எடுத்து வந்தேன்.

எல்லாம் தப்பவில்லை. பூசணி செத்தது. விளக்குமாறு அதன் வேரை அறுத்திருந்தது. போஞ்சி பாதி காய்ந்தது. மிளகாய் பூவைக் கொட்டிவிட்டு நின்றது. அந்தக் கிழமை முழுவதும் வெயில் நெருப்பாக எரித்தது. ஒவ்வொரு காலையும் ஷிப்டுக்கு முன் நாங்கள் இருவரும் குளித்த தண்ணீரைக் கணவர் வெளியே சுமந்தார். வாழையிலை கறுத்து, சுருண்டு, மண்ணோடு ஒட்டிக்கொண்டது. மட்டைக்குக் கீழே கையை விட்டேன். மறுபடி குளிர்ந்தது. முளைக்கீரை மட்டும் வெயிலைப் பார்த்துப் பயப்படவில்லை. சிவத்து நிமிர்ந்து நின்றது.

ஓகஸ்டில், முன்பு பேசியபடி, கல் பதிக்கிறவர் அளவு எடுக்க வந்தார். நான் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வெளியே போகவில்லை. கணவர்தான் கதவைத் திறந்து கூட்டிப் போனார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்கு உண்மையில் தெரியாது. பாதி செத்த தோட்டம் பச்சையா இல்லையா என்று வாதாடினால் அவர் பக்கமும் நியாயம் இருந்தது.

"என்னண்ணை, உதெல்லாம் மாம்பழப் பெட்டியே?" என்றார் கல்லுக்காரர். "குப்பையை முதல்ல அள்ளிப்போட்டுத்தான் அளக்க ஏலும்."

"அது குப்பை இல்லை," என்றார் கணவர். "மிதியாதையும்."

கல்லுக்காரர் காலை எடுக்க மட்டை சரசரத்தது.

"அப்ப கல்லு?"

"சிமெந்துத் துண்டு ஒண்டு கிடக்கு பாரும், குசினி வாசலில. அதைக் கிளப்பித் தர ஏலுமே?"

கீரையை வைத்துவிட்டு ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். அப்படிச் செய்யச் சொல்லி நான் அவரிடம் கேட்டதே இல்லை. நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது அந்த இடத்தில் மண். முதல் பெருமழையில் தண்ணீர் குசினிக் கதவுக்கு வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், வந்தது. ஆனால் வாசற்படியில் நின்று, யோசித்து, மண்ணுக்குள் இறங்கிப்போனது.

இலை கொட்டுகிற காலம் வந்தபோது மச்சாள் ஒருநாள் மணி அடித்தா. கையில் இரண்டு பெரிய கறுப்புப் பைகள். லூயிஷாமில் தன் வீட்டு முன்னால் கூட்டிய சருகு. ரயிலில் கொண்டுவந்திருக்கிறா. பையை வாசலில் தொப்பென்று போட்டா.

"இந்தா, உன்ர குப்பை. ரெயினில எல்லாரும் என்னைப் பாக்கினம், பிணம் கொண்டுபோறன் எண்டு."

"கூட்டாமல் விட மாட்டியள், என்ன?"

"என்ர முத்தத்தை நான் கூட்டுவன். உன்ர முத்தத்தை நீ எப்பிடியெண்டாலும் நாறடி."

பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அவவும் வந்தா. இருவருமாகக் கவிழ்த்துக் கொட்டி, காலால் தள்ளிப் பரப்பினோம். குசினி வாசலில் புதிதாகத் திறந்த மண்ணையும் மூடினோம். அடுத்த கோடை இதைவிட மோசமாக இருக்கும் என்று சொல்கிறார்கள். வரட்டும். இந்த முறை மண் உடுத்திக்கொண்டு நிற்கும்.